லங்காஷயருக்கும் யார்க்ஷயருக்கும் நான் போட்ட கையெழுத்து

“...அவருகிட்ட அவரு சீமை ஒசத்தின்னு கையெழுத்து, இவருகிட்ட இவரு சீமை ஒசத்தின்னு கையெழுத்து. ஏனுங்க மச்சான், ரெண்டு தொரையும் இப்ப நோட்டைத் தூக்கிட்டு ஒண்ணா உங்க கடைக்குத்தான் வந்துட்டிருக்காங்க. என்ன சொல்லப் போறீங்க?”

என் தங்கை வீட்டுக்காரர் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, இன்னொரு கால் பெடலில் இருக்க, மூச்சு வாங்கக் கேட்டார். நான் ஒரு பஞ்சருக்குச் சொலூசன் தடவி ஊதிக்கொண்டிருந்தேன். ஊதுவதை நிறுத்தினேன். ஆனாலும் பயப்பட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பேசிச் சமாளிக்க முடியாத சங்கதி ஒன்று உண்டு என்று அந்த வயதில் எனக்குத் தெரியாது.

பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்த பிறகு கோயமுத்தூரில் மில்லுக்கு மேல் மில்லாக எழும்பிய காலம் அது. அவினாசி ரோட்டில் அப்படி எழும்பிய ஒரு புது மில்லுக்கு எதிரே நான் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். எட்டு வண்டி. பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கொஞ்சம். சைக்கிள் கம்பெனிகளின் படம் போட்ட விலைப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து இங்கிலீஷ் கற்றுக்கொண்டவன். பிரீவீல், பிராக்கெட், பால் ரேஸ் எல்லாம் நன்றாக வரும். “நேற்று மழை பெய்தது” என்று சொல்லச் சொன்னால் கொஞ்சம் யோசிப்பேன்.

அந்த மில்லுக்கு ரிங் பிரேம் என்கிற நூற்பு இயந்திரங்களைப் பூட்டிக் கொடுக்க இங்கிலாந்திலிருந்து இரண்டு பிட்டர்கள் வந்திருந்தார்கள். ஒருவர் குட்டை, பெருத்த உடம்பு, வெயிலில் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்துவிடுவார். மற்றவர் தென்னை மரம். மில்லில் குண்டுத் துரை, நெட்டைத் துரை என்று பெயர். துரை என்று நாங்கள் சொன்னோமே ஒழிய, இருவரும் கையில் கிரீஸ் பட வேலை செய்கிறவர்கள்தான். ஊரிலிருந்த வெள்ளைக்காரர் கிளப்பில் அவர்களை வாசற்படியோடு பேசி அனுப்பிவிட்டதாகக் கேள்வி. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் என் கடைக்கு வந்து வண்டி எடுக்க ஆரம்பித்தார்கள். கிளப்புக்கு அது நஷ்டம், எனக்கு லாபம்.

என் மாப்பிள்ளை இவர்கள் இருவருக்கும் கீழே வேலை பழகினார். அவருக்கு அன்னூர்ப் பக்கம். அண்ணன் தம்பி நாலு பேருக்கும் ஒரே கிணறு. ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்து இறைத்தால், தம் முறை வருகிற நாளில் கிணற்றில் சேறுதான் இருக்கும். அந்தப் பண்ணையத்தை விட்டுவிட்டு என் தங்கையைக் கூட்டிக்கொண்டு மில்லுக்கு வந்தார். துரைகள் கப்பலேறும்போது, இந்த ஆளை நம்பி இயந்திரங்களை விட்டுப் போகலாம் என்று இருவரும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மானேஜர் அவரைப் பிட்டராக நிரந்தரம் செய்துவிடுவார். கொடுக்காவிட்டால் பம்பாயிலிருந்து வேறு ஆள் வருவான். இவர் அன்னூருக்குத் திரும்பி முறைத் தண்ணீருக்கு நிற்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த செவ்வாய் துரைகளுக்கு ரயில். காகிதத்தை எழுதிய குண்டுத் துரை மட்டும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

இதற்கும் சீமைக்கும் என்ன சம்பந்தம் என்றால், சொல்கிறேன்.

குண்டுத் துரை லங்காஷயர்க்காரர். நெட்டைத் துரை யார்க்ஷயர்க்காரர். நமக்குக் கோயமுத்தூர் ஜில்லா, சேலம் ஜில்லா மாதிரி அவர்களுக்கு அவை. பக்கத்துப் பக்கத்து ஜில்லா. பக்கத்து ஜில்லாக்காரனைத்தானே பிடிக்காமல் போகும்? தூரத்தில் இருப்பவனைப் பிடிக்காமல் போக நேரமேது. இருவருமே ஊரில் வாரத்துக்கு அறுபது எழுபது மைல் சைக்கிள் மிதிக்கிறவர்கள். வண்டி எடுக்க வந்தால் ஒரு மணி நேரம் என் கடையில் நின்று, சைக்கிள் மிதிக்க எந்த ஜில்லா உசத்தி என்று வாதம் செய்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். அவர்கள் பேச்சை மாப்பிள்ளை எனக்குத் தமிழில் சொல்வார். நான் அதைக் கொஞ்சம் நன்றாக்கி, கடையில் நிற்பவர்களுக்குச் சொல்வேன்.

குண்டுத் துரை சொல்வார்: “எங்கள் ஜில்லாவில் மேற்கே போனால் பலகை போட்ட மாதிரி ரோடு. நூல் மில் ஊரிலிருந்து காலையில் கிளம்பினால் மத்தியானம் சமுத்திரம். மீனையும் உருளைக்கிழங்கையும் பொரித்துக் காகிதத்தில் கட்டிக் கொடுப்பான். தின்றுவிட்டுத் திரும்பினால் கடல் காற்றே முதுகைத் தள்ளி வீட்டில் கொண்டுபோய் விடும்.”

நெட்டைத் துரை உடனே, “ஊருக்குள் கருங்கல் பாவிய தெரு. அதில் நூறு கெஜம் மிதித்தால் பல்லைப் பொறுக்கிக்கொண்டுதான் வர வேண்டும்” என்பார். “எங்கள் ஜில்லாவைப் பார். மலை, பள்ளத்தாக்கு, பள்ளத்தாக்குக்கு ஓர் ஆறு. மேலே ஏறிவிட்டால் அஞ்சு மைல் காலை ஆட்டாமல் இறங்கலாம். குறுக்கே கடக்க ரெண்டு நாள் ஆகும். அவ்வளவு பெரிசு.”

“ஆமாம், பாதி தூரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறுவார்கள், பாதி தூரம் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். சைக்கிள் எப்போது மிதிப்பார்கள் என்று கேள்” என்பார் குண்டுத் துரை.

இந்தக் கச்சேரிக்கு அன்னூரிலிருந்து ஒரு பண்ணையக்காரர் தவறாமல் வருவார். மாப்பிள்ளைக்கு ஊர்க்காரர். சந்தைக்கு வந்த சாக்கில் வண்டிக்குக் காற்றடிக்க வந்து நிற்பவர், மத்தியானம் வரை போகமாட்டார். முதல் நாளே அவர் கேட்டது: “ஏனுங்க, அந்தத் தொரைக ஊருல கெணறு எத்தனை அடிங்க?”

மாப்பிள்ளை விசாரித்துச் சொன்னார். “அங்க மழை நிக்கறதே இல்லீங்களாமா. பண்ணையத்துக்குக் கெணறு வேண்டாங்களாமா.”

அவர் பம்பைக் கீழே வைத்தார். “கெணறே வேண்டாத ஊர உட்டுப்போட்டு இங்க எதுக்கு வந்தாங்க?” என்று கேட்டார். அன்றிலிருந்து அவர் இரண்டு ஜில்லாவுக்கும் கட்சி.

ஆடி மாதத்தில் ஒருநாள் நெட்டைத் துரை, தம் ஊர் மலைக்காற்றை எதிர்த்து மிதித்தவனுக்கு எந்த ஊர்க் காற்றும் ஒன்றும் செய்யாது என்று சொன்னார். சரி, மதுக்கரையைத் தாண்டிப் பாலக்காட்டு ரோட்டில் போய் வாருங்கள் என்று அனுப்பிவைத்தேன். கணவாய்க்குள் புகுந்து வருகிற ஆடிக்காற்று எப்படி என்று இந்த ஊரில் சைக்கிள் மிதிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மிதிக்கலாம்; வண்டிதான் போகாது. மத்தியானம் ஒரு மாட்டு வண்டி கடை முன்னால் வந்து நின்றது. வைக்கோல் மேல் சைக்கிள், சைக்கிள் பக்கத்தில் துரை. குண்டுத் துரை வாசலில் நின்று பார்த்துவிட்டு, “யார்க்ஷயர் வருகிறது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுங்கள்” என்றார். நெட்டைத் துரை இறங்கி, தொப்பியை உதறிப் போட்டுக்கொண்டு, “இது எங்கள் ஊர்க் காற்றேதான். இந்த ஊர் எனக்குப் பிடிக்கிறது” என்று சொன்னாரே தவிர, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. தோற்றாலும் இப்படித் தோற்க வேண்டும்.

வாதம் தீராததனால், பொது மனிதர்களிடம் கேட்டு முடிவு கட்டுவது என்று வைத்துக்கொண்டார்கள். இரண்டு ஜில்லாவையும் கண்ணால் பார்க்காதவர்கள் நாங்கள், ஆகவே நாங்கள்தான் நடுநிலை என்பது அவர்கள் கணக்கு. ஆளுக்கு ஒரு நோட்டு. தம் ஜில்லா உசத்தி என்று ஒப்புக்கொள்கிறவர்கள் பேரை அதில் வாங்க வேண்டும்.

குண்டுத் துரை என்னிடம் முதலில் வந்தார். கடல் காற்று முதுகைத் தள்ளுவதை மறுபடி சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஊரை விட்டு வந்து ஒன்பது மாதம் ஆன மனிதர். நம் வாசலில் வந்து நின்று ஒருவர் தம் ஊரைப் பற்றிச் சொன்னால், “உங்க ஊருக்கென்னங்க குறை” என்று சொல்வதுதானே நம் பக்கத்து வழக்கம்? பெண் பார்க்கப் போன இடத்தில்கூட உப்புத் தண்ணீர்க் கிணற்றைப் புகழ்ந்துவிட்டு வருகிறவர்கள் நாம். தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று என்று இரண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து நெட்டைத் துரை வந்தார். மலைமேல் இருக்கிற தம் தாயார் வீட்டைப் பற்றிச் சொன்னார். அவரை மட்டும் முகம் வாட அனுப்ப முடியுமா? அதிலும் போட்டேன். கொஞ்சம் பெரிதாகவே போட்டேன், பின்னால் வந்தவர் என்று குறைத்ததாக இருக்கக் கூடாது.

மாப்பிள்ளை மட்டும் இரண்டு நோட்டிலும் போடவில்லை. “நான் பாத்ததில்லீங்க” என்று இருவரிடமும் சொல்லிவிட்டார். அப்போது அவரைச் சத்தம் போட்டவன் நான். “பெரிய மனுசங்க கேக்கறாங்க. ஒரு கையெழுத்துப் போட்டா கை தேஞ்சா போயிரும்? காயிதம் வாங்க வேண்டிய நேரத்துல இப்படியா நடந்துக்குவாங்க?” என்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம் துரைகள் இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மாப்பிள்ளையைத் தவிர ரிங் பிரேம் இலாகா முழுவதும் இரண்டிலும் இருந்தது. பேர் மாறவில்லை, வரிசைகூட அதிகம் மாறவில்லை. குண்டுத் துரை சிரித்துவிட்டாராம். நெட்டைத் துரை சிரிக்கவில்லை. அந்தக் காகிதத்தை மடித்து, கையெழுத்துப் போடாமலே குண்டுத் துரையிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

மாப்பிள்ளை இதைச் சொல்லி முடிக்கவும் இருவரும் வந்து சேரவும் சரியாக இருந்தது. அன்னூர்க்காரர் ஏற்கெனவே காற்றுப் பம்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“வாங்க தொரை, வெயில்ல வந்திருக்கீங்க, எளநி வெட்டச் சொல்லட்டுங்களா?” என்றேன்.

நெட்டைத் துரை இளநீரைக் கவனிக்கவில்லை. இரண்டு நோட்டையும் என் கடைப் பலகைமேல் விரித்து வைத்தார். இதில் என் கையெழுத்து, அதிலும் என் கையெழுத்து. “எது நிஜம்?” என்றார்.

“ரெண்டும் நானே போட்டதுதானுங்க. கள்ளக் கையெழுத்து இல்லீங்க” என்றேன்.

மாப்பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதை அப்படியே மொழிபெயர்த்தார். குண்டுத் துரை மட்டும் இருமுகிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் விளக்க ஆரம்பித்தேன். ஒறம்பரையாக வந்தவர் முகம் வாடக் கூடாது என்றேன். விருந்தாளியின் ஊரைக் குறை சொல்கிற வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள் என்றேன். நாங்கள் இரண்டு ஜில்லாவையும் புகழ்ந்தது பொய் இல்லை, மரியாதை என்றேன். நன்றாகத்தான் பேசினேன். என் வாழ்நாளில் அதைவிட நன்றாகப் பேசியதில்லை என்றுகூடச் சொல்லலாம். அன்னூர்க்காரர் தலையை ஆட்டி, “சரியான பேச்சுங்க” என்றார்.

நெட்டைத் துரை முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு என்னிடம் பேசாமல் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எனக்கே பெரும்பாலும் புரிந்தது.

“உன் மச்சான் சொல்வதுதான் என் பயமும். மானேஜர் வந்து இயந்திரம் நன்றாக ஓடுகிறதா என்று கேட்பார். முகம் வாடக் கூடாது என்று நீங்களெல்லாம் ஓடுகிறது என்பீர்கள். அஸ்திவாரம் ஒரு மயிரிழை சாய்ந்திருக்கும். மூன்று மாதத்தில் நூல் சுற்றுகிற கதிரெல்லாம் தேய்ந்து நூல் அறுந்துகொண்டே இருக்கும். இல்லை என்று சொல்லத் தெரியாத ஊரில் இயந்திரத்தை யாரை நம்பி விட்டுப் போவது?”

மரியாதை என்று நான் கட்டின கோட்டை மாப்பிள்ளை தலைமேல் விழுந்துகொண்டிருந்தது. என் தங்கை முகம் ஒரு கணம் கண்முன்னால் வந்து போயிற்று. இன்னும் ஏதாவது சொல்லிப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

“மச்சான், நீங்க செத்த சும்மா இருங்க” என்றார் மாப்பிள்ளை. கல்யாணமான ஆறு வருஷத்தில் அவர் என்னை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு துரையைப் பார்த்தார். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு நேராக நின்றார்.

“ஏழாம் நம்பர் பிரேம் நெனப்பிருக்குதுங்களா, தொரை?”

துரை தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“மட்டமா இருக்குதுன்னு நீங்க சொன்னீங்க. தலைமாட்டுல தாழ்வா இருக்குதுன்னு நான் சொன்னேன். ரசமட்டத்த வெச்சுக் காட்டினீங்க. அந்த ரசமட்டமே கோணல்னு சொன்னேன். நீங்க கோவிச்சுக்கிட்டுச் சாப்பாட்டுக்குப் போயிட்டீங்க. நான் அடியில ஒரு தகடு சொருகி வெச்சேன். திரும்பி வந்து வேற ரசமட்டத்துல பாத்தீங்க. ஒண்ணுமே சொல்லாம எட்டாம் நம்பருக்குப் போயிட்டீங்க.”

இதைத் தமிழில் எனக்காக ஒரு தடவையும் இங்கிலீஷில் அவர்களுக்காக ஒரு தடவையும் சொன்னார். இங்கிலீஷில் சொல்லும்போதும் குரல் ஏறவில்லை, இறங்கவில்லை.

குண்டுத் துரை என் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். “கோணல் ரசமட்டம். யார்க்ஷயரில் வாங்கியது” என்று சொல்லித் தொடையில் தட்டிக்கொண்டார். நெட்டைத் துரைக்குக் காது வரை சிவந்தது. கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார், ஆனால் வாய் திறக்காமல்.

“சரி. இந்த இரண்டு நோட்டிலும் இல்லாத ஆள் நீ ஒருவன்தான்” என்றார். “நீ சொல். சைக்கிளுக்கு எந்த ஜில்லா?”

காகிதம் குண்டுத் துரையின் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஜில்லாவைச் சொன்னால் மற்றவர் மனம் கோணும். இரண்டையும் சொன்னால் என் கதிதான். அன்னூர்க்காரர் பம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“நான் பாக்காத ரோட்டப் பத்திச் சொல்லமாட்டேனுங்க” என்றார் மாப்பிள்ளை. “ஆனா ஒம்பது மாசமா நீங்க ரெண்டு பேரும் சொன்னதக் கேட்டிருக்கேன். அந்தத் தொரை ஊருல கல்லுத் தெரு, பல்லு ஆடும். உங்க ஊருல வண்டியத் தள்ளணும். ரெண்டு ஊருலயும் மழை உடாது. நனைஞ்சுக்கிட்டு மிதிக்கறது எனக்கு ஆகாதுங்க. புளியமரத்து நெழல்ல இருக்கற எங்க பொள்ளாச்சி ரோடு எனக்குப் போதுங்க.”

அதை அவர் இங்கிலீஷில் சொல்லி முடித்ததும் இரண்டு துரைகளும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். தங்கள் ஜில்லாவில் மழை பெய்வது கிடையாது, பெய்தால் அது பக்கத்து ஜில்லாவிலிருந்து வருகிற மழை என்று இருவருமே சொன்னார்கள். முதல் தடவையாக இருவரும் ஒரே கட்சியாக நின்று பேசியது அப்போதுதான். அன்னூர்க்காரர் என்னிடம் தாழ்ந்த குரலில், “இத்தனை மழைக்குச் சண்டை போடறாங்க, நம்மளுக்குக் கொஞ்சம் குடுத்தா என்னவாம்” என்றார்.

பிறகு நெட்டைத் துரை கையை நீட்டினார். குண்டுத் துரை காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். நெட்டைத் துரை அதை என் கடைப் பலகைமேல், என் கையெழுத்துகள் விரிந்து கிடந்த நோட்டுகளுக்கு மேலேயே வைத்து, பேனாவை உதறி, தம் பேரை எழுதினார். மை காய்வதற்கு இரண்டு தடவை ஊதி, காகிதத்தை மாப்பிள்ளை கையில் கொடுத்தார். நான் இளநீர்க்காரனைக் கூப்பிடத் திரும்பினேன். முடிந்தது என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் அதை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, துரை மனம் மாறுவதற்குள் இரண்டு கும்பிடு போட்டிருப்பேன்.

மாப்பிள்ளை மடிக்கவில்லை. வெளிச்சத்துக்குப் போய், விரலை வரிக்கு வரி ஓட்டி, உதடு அசைய, மேலிருந்து படித்தார். வேகமாகப் படிக்க வராது அவருக்கு. இரண்டு துரைகளும் காத்துக்கொண்டு நின்றார்கள். பாதியில் விரல் நின்றது.

“தொரை, பன்னெண்டு பிரேம் பூட்டினான்னு எழுதியிருக்கறீங்க. பதினொண்ணுதானுங்க. மொத பிரேமு நான் வாரதுக்கு முந்தியே நீங்க பூட்டினது.”

“ஒன்றுதானே, இருக்கட்டும்” என்றார் குண்டுத் துரை.

“உடுங்க மாப்பிள்ளை” என்றேன் நான், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் பலகைமேல் கிடந்த பேனாவை எடுத்தார். காகிதத்தைக் குண்டுத் துரைக்கு முன்னால் விரித்துவைத்தார். பேனாவை அவர் கையில் கொடுத்துவிட்டு, திருத்த வேண்டிய சொல்லுக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.